மூன்றாவது அடி

வாங்க சார். செருப்பை வாசலிலேயே விட்டுடுங்க. பாப்பா, நீயும்தான். இங்கே ஆஞ்சநேயர் படம் இருக்கிறது பாருங்க, அதற்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் தரையில் கால் வைப்போம். எதிர்ப்பக்கம் ஒரு கிளாஸ் இருக்கிறது. அங்கே ஷூவோடு நடக்கலாம், பாட்டுப் போட்டுக் குதிக்கலாம், கேட்பார் கிடையாது. இங்கே அப்படி இல்லை.

பேக்கரி மாடி கராத்தே கிளாஸ் என்றுதானே சொல்லி அனுப்பினார்கள்? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. கீழே செல்போன் கடை இருக்கிறதே என்று யோசிக்காதீங்க. பேக்கரி இங்கேதான் இருந்தது. அருப்புக்கோட்டையில் பழைய ஆட்களைக் கேட்டால் பேக்கரி மாடி என்று இந்த மாடியைத்தான் காட்டுவார்கள். புது ஆட்கள் வேறு எதையாவது காட்டுவார்கள். நல்லவேளை, நீங்க பழைய ஆளிடம் கேட்டிருக்கீங்க.

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க.

கையையா பார்க்கிறீங்க? அது ஒன்றுமில்லை, கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது. மொட்டை மாடிக் கதவு. காற்றுக்கு அடித்துச் சாத்திவிட்டது. கராத்தே மாஸ்டர் கையில் கட்டுப் போட்டிருந்தால் ஊரில் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள். கதவு சார். வெறும் கதவு.

பாப்பா பேர் என்ன? இலக்கியாவா. எத்தனையாவது படிக்கிறாய்? ஆறாவதா. நல்ல வயது. எலும்பு இளசாக இருக்கும்போதே வந்துவிட வேண்டும். ஒல்லியாக இருக்கிறாளே என்று கவலைப்படாதீங்க. ஒல்லிப் பிள்ளைகள்தான் எனக்குப் பிடிக்கும். தடிப் பையன் ஒருவன் கூரை ஓடு ஒன்றை உடைத்தால் எவன் கைதட்டுவான்? ஒல்லிப் பெண் உடைக்க வேண்டும். அப்போதுதான் கூட்டம் எழுந்து நிற்கும். தொழில் ரகசியம் சார் இது. இருபது வருஷம் இந்தத் தொழிலில் நின்றவன் சொல்கிறேன்.

ஆட்கள் இல்லையே என்று பார்க்கிறீங்களா? பள்ளிக்கூடம் இப்போதுதானே திறந்திருக்கிறார்கள். பாடப்புத்தகம், யூனிஃபார்ம் என்று எல்லாரும் அலைந்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். கொஞ்சம் பொறுத்துத்தான் வருவார்கள்.

அந்தச் சத்தமா? எதிர்ப்பக்கத்துச் சத்தம். பிள்ளைகளைக் கத்த விடுவதற்குப் பேர் அங்கே பயிற்சி. இருங்க, ஜன்னலைச் சாத்துகிறேன். இது முழுசாகச் சாத்தாது. கொக்கி போய்விட்டது. இருந்தாலும் பரவாயில்லை.

இந்தச் சுவரைப் பாருங்க சார். இதைப் பார்த்தால் நான் பேசவே வேண்டியதில்லை. எத்தனை படம்! ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை, காலடியில் இரண்டாக உடைந்த ஓடு. இது என் யோசனை. இந்த மாவட்டத்தில் வேறு எந்த மாஸ்டருக்கும் தோன்றாத யோசனை. சேருகிற அன்றைக்கே, வெள்ளைச் சட்டைகூட வாங்குவதற்கு முன்னால், பிள்ளையை நிற்க வைத்து ஒரு நாட்டு ஓட்டை உடைக்கச் சொல்வேன். இரண்டு செங்கலுக்கு நடுவில் ஓடு. கையை ஓங்கி, ஒரு கத்துக் கத்தி, ஒரே வெட்டு. படார். தகப்பன் வாயைப் பிளப்பார். தாய் கண்ணைத் துடைப்பாள். அங்கேயே போட்டோ. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்குமா? தெருவெல்லாம் சொல்லும். மறுநாள் தெருவே இங்கே வந்து நிற்கும்.

இப்படித்தான் வளர்ந்தேன். முதலில் இந்த ஒரு மாடி. அப்புறம் பாளையம்பட்டி, பந்தல்குடி, திருச்சுழி என்று கிளை கிளையாகப் போனது. பின்னால் அந்த அறையில் ஜிம் போட்டேன். டிரெட்மில் இருக்கிறது, போர்வை போட்டு மூடியிருக்கிறேன் தூசிக்காக. சீனிராஜ் மாஸ்டர் என்றால் ரோட்டில் போலீஸ்காரர்கூட வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார்.

ஓடு எப்படி உடைகிறது என்று கேட்கிறீங்களா? கேட்கவில்லையா? நானே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எதிர்ப்பக்கம் போனால் அங்கே கிளாஸ் நடத்துகிறவள் சொல்லிவிடுவாள். சேர வருகிற ஒவ்வொருத்தரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறாளாம். அவள் வாயால் கேட்பதைவிட என் வாயால் கேளுங்க.

கீழே பேக்கரி இருந்தது என்றேனே, ஜெபராஜ் அண்ணாச்சி வைத்திருந்தார். பெரிய அடுப்பு, செங்கல் அடுப்பு. ரொட்டி எடுத்த பிறகும் விடிய விடியச் சூடு இருக்கும். அந்தச் சூட்டில் என் ஓடுகளை அடுக்கி வைப்பேன். சூடு ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். நாலைந்து தடவை ஆனால் ஓட்டுக்கு உள்ளே பிடிப்பு விட்டுப்போகும். வெளியே பார்த்தால் ஓடு. தொட்டால் ஓடு. அடித்தால் பிஸ்கட். அண்ணாச்சியே கேலி பண்ணுவார், "மாஸ்டர், ஒங்க பிஸ்கட் வெந்திருச்சு, வந்து எடுத்துக்கிடுங்க" என்று.

இதில் என்ன ஏமாற்று இருக்கிறது, சொல்லுங்க. சைக்கிள் பழகுகிற பிள்ளைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறோமே, அது ஏமாற்றா? பிள்ளைக்கு முதலில் நம்பிக்கை வர வேண்டும். நம்பிக்கை வந்தால் பயிற்சி வரும். பயிற்சி வந்தால் வேகாத ஓட்டையும் உடைப்பான். உடைத்தார்களா என்று கேட்டால்... உடைப்பார்கள். நேரம் வந்தால் உடைப்பார்கள்.

இது தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், அண்ணாச்சி, பொற்கொடி.

பொற்கொடி. எதிர்ப்பக்கத்துக்காரி. பேரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்கிறது. அப்பா தறிப் பட்டறையில் நூல் சுற்றுகிற ஆள். இந்தப் பாப்பா வயதில்தான் வந்தாள். இந்த ஊரில் அப்போது பெண் பிள்ளையைக் கராத்தேக்கு அனுப்புகிற வழக்கமே கிடையாது. முதல் பெண் அவள்தான். நான்தான் சேர்த்தேன். நான்தான் வெள்ளை பெல்ட் கட்டினேன், நான்தான் கறுப்பு பெல்ட்டும் கட்டினேன். அவளை வைத்துப் பெண்களுக்குத் தனி வகுப்பு ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் நான்தான்.

பெண்கள் வகுப்புக்குக் கூட்டம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெண் மாஸ்டர் இருக்கிறாள் என்று தாய்மார்கள் தைரியமாக விட்டுவிட்டுப் போனார்கள். அதை வைத்து அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒருநாள் என்ன கேட்டாள் தெரியுமா? போர்டில் என் பேருக்குக் கீழே அவள் பேரையும் போட வேண்டுமாம். நான் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னேன், உன் பேரு என் பேருக்குள்ளயேதான்ம்மா இருக்கு, தனியா எதுக்கு என்று. அவள் வகுப்பு எடுக்கப் போய்விட்டாள். ஃபிளெக்ஸ் அடிக்கும்போது மட்டும் ஓரத்தில் அவள் படம் போட்டிருந்தேன். சின்னதாகத்தான். ஆனால் போட்டிருந்தேன்.

அந்த வருஷம் சித்திரை மாதம். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

கோடை முகாம் நடத்தினோம். முடிவு விழாவை ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்திருந்தேன். பேர் வேண்டாம், பெரிய பள்ளிக்கூடம். அதன் தாளாளர் வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் அவர் பள்ளியில் படிக்கிற அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் நம்மிடம்தான் பயிற்சி. அது மட்டும் கிடைத்திருந்தால் நான் இன்றைக்கு மதுரையில் இருந்திருப்பேன். இந்த ஆடுகிற நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

விழாவில் கடைசி நிகழ்ச்சி ஓடு உடைப்பது. அதற்கு நித்யகலா என்று ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தேன். முகாமில் இருந்ததிலேயே ஒல்லி. காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். அதற்காகவேதான் தேர்ந்தெடுத்தேன்.

விழா நெருங்கும்போது அண்ணாச்சியின் அம்மா தவறிவிட்டார்கள். பேக்கரியைப் பூட்டிவிட்டு எல்லாரும் சொந்த ஊர் நாசரேத்துக்குப் போய்விட்டார்கள். அடுப்பு அணைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் பெரிய கவலை இல்லை. அக்னி நட்சத்திரம் சார். மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. அடுப்பு என்ன, வெயில் என்ன, சூடு சூடுதானே. ஓடுகளை மாடியில் பரப்பி வைத்தேன்.

பொற்கொடி மாடிக்கு வந்து பார்த்தாள். "வெயில் வேற, அடுப்பு வேற மாஸ்டர். இந்தத் தடவை ஓடு வேண்டாம். கத்தா மட்டும் போதும், பிள்ளைங்க நல்லா பண்றாங்க" என்றாள். கத்தா என்றால் கையை வீசிக் காலை வீசி வரிசையாகச் செய்வது. அதைப் பார்க்கத் தாளாளர் வருவாரா? அதைத்தான் பி.டி. மாஸ்டரே செய்வாரே.

நான் முடியாது என்றேன். உடனே சொன்னாள், "அப்படின்னா நீங்க ஒண்ணு அடிச்சுப் பாத்துருங்க மாஸ்டர்."

கவனியுங்க சார். என்னை அடித்துப் பார்க்கச் சொல்கிறாள். குழம்பில் உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது போல ஓட்டை ருசி பார்க்கச் சொல்கிறாள். மாஸ்டரைச் சோதிக்கிற சிஷ்யையை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? நான் அடித்திருந்தால் உடைந்திருக்கும், அது வேறு. ஆனால் அடித்துப் பார்த்தால் நானே என் ஓட்டைச் சந்தேகப்படுகிறேன் என்று ஆகிவிடும். நான் அடிக்கவில்லை. அடிக்க மாட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், அன்றைக்கு நான் செய்ததுதான் சரி.

பாப்பா, ஜன்னல் பக்கம் என்ன பார்வை? இங்கே வந்து உட்கார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அங்கே முதல் நாள் என்ன சொல்லிக்கொடுக்கிறாள் தெரியுமா சார், விழுவதற்கு. சத்தியமாக. மெத்தையைப் போட்டு, எப்படி விழ வேண்டும், விழும்போது கையை எங்கே வைக்க வேண்டும், தலையை எப்படிக் காப்பாற்ற வேண்டும், இதுதான் முதல் பாடம். என்னிடம் முதல் நாள் பிள்ளை ஓட்டை உடைத்துவிட்டுப் போகும். அவளிடம் முதல் நாள் பிள்ளை கீழே விழுந்துவிட்டுப் போகும். ஊர் எதைத் தேடிப் போகிறது பாருங்க. இதுதான் காலம்.

விழா அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தாளாளர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நானே மைக்கைப் பிடித்துப் பேசினேன். இப்போது ஒரு சின்னஞ்சிறு பெண் தன் பிஞ்சுக் கையால் ஓட்டைப் பிளக்கப்போகிறாள் என்றேன். நித்யகலா வந்து நின்றாள். குனிந்து எனக்கு வணக்கம் வைத்தாள். கையை ஓங்கினாள். கத்தினாள். அடித்தாள்.

உடையவில்லை.

சத்தமே வேறு மாதிரி இருந்தது. படார் என்று வர வேண்டியது, தொப் என்று வந்தது. பிள்ளை என்னைப் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் மாஸ்டர் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அடி என்றேன். அடித்தாள். மறுபடியும் தொப். இந்தத் தடவை கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள். முன் வரிசையில் தாளாளர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு சார். மாஸ்டர் எது சொன்னாலும் பதில் ஒன்றே ஒன்றுதான். "ஓஸ் மாஸ்டர்." சரி என்று அர்த்தம். முடியாது, வேண்டாம், வலிக்கிறது, இதெல்லாம் இந்தக் கூரைக்குக் கீழே கிடையாது. நான் நித்யகலாவிடம் சொன்னேன், ஓடு உடையலைன்னா பயம் உடையலைன்னு அர்த்தம், பயத்தை உடை என்று. அவள் "ஓஸ் மாஸ்டர்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னாள். அதுதான் ஒழுக்கம். அதுதான் என் பயிற்சி. மூன்றாவது தடவை கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை இறங்கும்போது பொற்கொடி வந்து ஓட்டின் மேல் தன் கையை வைத்துவிட்டாள். உள்ளங்கையை விரித்து, அப்பளம் மாதிரி, ஓட்டை மூடினாற்போல. அடி அவள் கையில் விழுந்தது.

"போதும் மாஸ்டர்" என்றாள்.

மைக் என் கையில் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. அதோடு விட்டாளா? இன்னொன்றும் சொன்னாள். "நீங்க அடிங்க. ஒடைஞ்சிச்சுன்னா அவ அடிப்பா."

இத்தனை வருஷத்தில் ஒருத்தர் என்னிடம் போதும் என்று சொன்னதில்லை. ஊர்க்காரர்கள், பெற்றோர்கள், அந்தத் தாளாளர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அடிக்க வேண்டுமாம். அவள் அளவுக்கு நான் இறங்கவில்லை. சவுண்டு சர்வீஸ்காரனைப் பார்த்துத் தேசிய கீதம் போடச் சொன்னேன்.

போட்டான். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? பொற்கொடியும் வாயை மூடிக்கொண்டு நேராக நின்றாள். அந்தப் பிள்ளை நித்யகலாவும் நின்றாள். ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, அசையாமல், கடைசி வரைக்கும் நின்றாள். அந்த வயதில் எந்தப் பிள்ளைக்கு அந்தக் கட்டுப்பாடு வரும்? நான் கொடுத்தது சார் அது. அதைப் பற்றி ஒருத்தர் பேச மாட்டார்கள்.

மணிக்கட்டில் விரிசல் என்றார்கள். மயிரிழை மாதிரி, எக்ஸ்ரேயில் தேடிப் பார்த்தால்தான் தெரியுமாம். அதற்குப் போய் எவ்வளவு பெரிய நாடகம்! பொற்கொடி அவளைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். நான் போகவில்லையா என்று கேட்பீங்க. தாளாளரை யார் வழியனுப்புவது? மாலை போட்டு, சால்வை போர்த்தி, கார் வரைக்கும் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அந்த அம்மாள் மட்டும், "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார்கள். நித்யகலா என்றேன். "அவ இல்ல. கைய வச்சாளே, அவ" என்றார்கள்.

பார்த்தீங்களா? பிள்ளை உடைத்திருந்தால் என் பேரைக் கேட்டிருப்பார்கள்.

மறுநாள் காலையில் பொற்கொடி இங்கே வந்தாள். அதோ அந்த ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் கறுப்பு பெல்ட்டை மடித்து வைத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நானும் மன்னிக்கிற மனநிலையில்தான் இருந்தேன். "நீங்க கட்டினது மாஸ்டர். நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள். அவ்வளவுதான். நித்யகலா எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பு என் பேரில் என்று ஆகிவிடும்.

போலீசுக்குப் போவார்கள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. பொற்கொடிதான் வேண்டாம் என்று அந்தப் பிள்ளையின் வீட்டில் சொல்லித் தடுத்தாளாம். அதுவும் ஒரு திமிர்தான். போயிருந்தால் நின்று பதில் சொல்லியிருப்பேன். போகாமல் விட்டு என்னைக் கடன்காரன் ஆக்கிவிட்டாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும். முதலில் பெண்கள் வகுப்பு போனது. அக்கா போனால் தம்பி மட்டும் எதற்கு என்று பையன்களும் போனார்கள். கிளைகள் ஒவ்வொன்றாக நானே மூடினேன், எனக்கும் அலைய முடியவில்லை. அவள் நேர் எதிரே, என் ஜன்னலுக்கு நேராக மாடி பிடித்தாள். அதே ஆங்கிலப் பள்ளிக்கூடம் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. ஜெபராஜ் அண்ணாச்சி இருக்கிறாரே, அவரும் போய்விட்டார். இடம் பற்றவில்லை என்றார். எதிரே, அவள் மாடிக்குக் கீழேதான் இப்போது பேக்கரி. என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். ஒருநாள் மறித்துக் கேட்டேன், ஏன் அண்ணாச்சி, அடுப்பை என்னிடம் இருந்து எடுத்துக்கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று. "அந்தப் பிள்ளைக்கு அடுப்பு தேவைப்படல மாஸ்டர்" என்றார். என்ன பேச்சு பாருங்க.

ஆமாம் சார். பேக்கரி மாடி என்று இப்போது புது ஆட்கள் சொல்வது அதைத்தான். உங்களிடம் சொன்னவர்களும் ஒருவேளை அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதனால் என்ன? படி ஏறி வந்துவிட்டீங்க. வந்தது வந்ததுதான்.

என் வீட்டில் மட்டும்தான் என் பக்கம். என் மனைவி ஒரு வார்த்தை அவளைப் பற்றிப் பேசியதில்லை, நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. முழங்கால் வலி அவளுக்கு. நடக்கவே முடியாமல் இருந்தாள். இப்போது தினமும் விடிந்ததும் கோயிலுக்குப் போகிறாள். ஷூ போட்டுக்கொண்டு, ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போகிறாள். சாமி அருளால் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. நேற்றுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். பக்தி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இப்போது கேட்கிறதே, இச், நி, சான் என்று ஜப்பான் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற குரல், அது யாருடையது தெரியுமா? நித்யகலாவுடையது. வளர்ந்துவிட்டாள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். நன்றாகக் கேளுங்க, அந்த "சான்" என்று இழுப்பது என் இழுப்பு. நான் சொல்லிக்கொடுத்தது. என் வகுப்பு பிடிக்கவில்லை, என் பெல்ட் பிடிக்கவில்லை, என் இழுப்பு மட்டும் வேண்டுமாம். அவளுக்கு அந்த மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பாதாம், குளிர்காலத்தில் வலிக்குமாம், யாரோ சொன்னார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள்.

எனக்கு இருக்கிற ஒரே ஆத்திரம் என்ன தெரியுமா சார்? கிளை போனதற்காக இல்லை, ஆள் போனதற்காக இல்லை. அந்த மூன்றாவது அடி. இரண்டு அடியில் ஓட்டுக்குள் பிடிப்பு விட்டுப்போயிருந்தது. எனக்குத் தெரியும். ஓட்டின் சத்தம் எனக்குத் தெரியாதா? மூன்றாவது அடியில் உடைந்திருக்கும். கண்டிப்பாக உடைந்திருக்கும். உடைந்திருந்தால் விரிசலும் இல்லை, வீக்கமும் இல்லை, எல்லாரும் எழுந்து நின்று தட்டியிருப்பார்கள். அந்தப் பிள்ளையே சிரித்திருக்கும். ஒரு கையைக் குறுக்கே வைத்து அத்தனையையும் கெடுத்துவிட்டாள். உடைவதற்கு முன்னால் தடுத்துவிட்டு உடைந்திருக்காது என்று ஊர் முழுக்கச் சொல்கிறாள். அடிக்க விட்டால்தானே தெரியும்?

எழுந்திருக்காதீங்க. இதோ வந்துவிடுகிறேன். ஒன்று காட்ட வேண்டும். காட்டிவிட்டு நீங்க எங்கே வேண்டுமானாலும் போங்க, நான் தடுக்க மாட்டேன்.

பாருங்க சார். இதுதான் அது.

அதே ஓடு. விழா முடிந்து எல்லாரும் போன பிறகு மைதானத்தில் இருந்து நானே எடுத்துவந்தேன். மொட்டை மாடியில்தான் வைத்திருக்கிறேன். எத்தனை சித்திரை வெயில் பார்த்திருக்கிறது தெரியுமா? இனி எந்த அடுப்பும் வேண்டாம் இதற்கு. தொட்டுப் பாருங்க, மாவாக இருக்கும் உள்ளே. இந்த மூலையில் கறை மாதிரி இருப்பது ஒன்றுமில்லை. பழசு இல்லை, போன வாரத்துக் கறைதான். கதவில் கை மாட்டியபோது நான் இதைக் கையில் வைத்திருந்தேன்.

நான் அடித்தால் உடையும் சார். நான் அடித்து யாருக்கு என்ன நிரூபிப்பது? ஒரு பிள்ளை அடிக்க வேண்டும். ஒல்லியாக, இந்தப் பாப்பா மாதிரி. உடைந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் அவள் மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வந்துவிடுவேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அதற்கப்புறம் உங்க பிள்ளையை நீங்க அங்கேயே சேர்த்தாலும் சரி.

செங்கல் இரண்டையும் இப்படி வைக்கிறேன். ஓடு நடுவில். பாப்பா, இங்கே வாம்மா. காலை அகட்டி நில். அப்படித்தான். விரல்களைச் சேர்த்துக்கொள். அப்பாவைப் பார்க்காதே, ஓட்டைப் பார். பயமாக இருக்கிறதா? இருந்தால் என்ன? இங்கே வேண்டாம் என்கிற வார்த்தையே கிடையாது. ஓஸ் மாஸ்டர் என்று சொல். சத்தமாகச் சொல். ம். கையை நன்றாக ஓங்கு.

என்ன சார் இது?

நீங்களுமா?

கையை எடுங்க சார். ஓட்டின் மேல் இருந்து கையை எடுங்க. பிள்ளை அடிக்கட்டும்.